வெயிலம்மாள் இறக்கி வைத்த தண்ணீர்

மேட்டுக்கரிசலில் குழாயடித் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. குழாயில் தண்ணீர் நின்றுபோய், பிறகு குழாயே துருப்பிடித்து விழுந்து, அது நின்ற சிமெண்டுத் திட்டும் பெயர்ந்துபோய், பேர் மட்டும் வற்றாமல் கிடக்கிற அந்தத் தெருவில் பெண்கள் எல்லோரும் இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பார்கள். பாவாடை கட்டுகிற வயதில் இடுப்பில் ஏறிய குடம் பேரன் பேத்தி எடுத்த பிறகும் இறங்காததால் வந்த சாய்வு அது. அவர்களுக்கு ரவிக்கை தைக்கிற டெய்லர் அளவெடுக்காமலே இடது பக்கத்தில் ஒரு விரல்கடை கூட்டி வெட்டுவார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவர்கள் வரிசையாக நின்று கும்பிடும்போது, காற்றடித்த கம்பங்காடு மாதிரி மொத்த வரிசையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, ஆத்தாளும் பார்த்துப் பார்த்துப் பழகித் தன் தலையையும் ஒரு இழை சாய்த்துத்தான் வரம் கொடுப்பாள் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்தத் தெருவிலேயே அதிகமாகச் சாய்ந்தவள் வெயிலம்மாள். பருத்திக் கமிஷன் கடையில் எடை போட்டு ஓய்ந்த ராமசுப்புவின் மனைவி. பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டவள். விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடாதவள். யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள். ஆடி பிறந்ததும் பார்க்க வந்த மகள் தமயந்தி, அம்மா சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, கடைசியில் "தாயே" என்று ஆத்தாளையும் பிடித்து எழுந்திருப்பதைப் பார்த்தாள். ஓசூருக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நாளில் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. ஆட்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கிவர, படுத்திருக்கிற எருமை மாதிரி கறுகறுவென்று ஒரு மசாஜ் நாற்காலி ராமசுப்பு வீட்டுக்குள் நுழைந்தது.

"ஆடி கழியிற வரைக்கும் வீட்ல போட்டு உக்காந்து பாருங்கம்மா. பிடிச்சா வாங்குங்க. இல்லைன்னா ஆவணி பிறந்ததும் வந்து எடுத்துக்கிடுதோம். மக எல்லாம் பேசிட்டாங்க," என்றான் கடைக்காரன் ஜெயசிங். சொல்லிவிட்டு ரிமோட்டை நீட்டினான். வெயிலம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்து முடிப்பதற்குள் ராமசுப்பு அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே போனில் சண்டை தொடங்கியது.

"மேல்வலிக்கு நாற்காலியா? ஊர்ல தைலமெல்லாம் தீந்து போச்சா? உங்கம்மா என்ன ஜமீன் வீட்டுப் பொம்பளையா?"

"நான் பிறந்ததுலருந்து நீங்க சாய்வு நாற்காலியிலதான் பேப்பர் படிக்கிறீங்க. நீங்க எந்த ஜமீன்ப்பா?"

எதிர்வீட்டுச் சீனித்தாய் வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மதினி, இதுல நீங்க உக்காந்தா எருமை மேல எமன் உக்காந்த மாதிரில்லா இருக்கும்," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதன் கைப்பிடியை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

வெயிலம்மாளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை காலமும் அவள் வலியை வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குக் கொண்டுபோய், "தாயே, இதை உன் காலடியில் வைக்கிறேன்" என்று வைத்துவிட்டுத்தான் வருவாள். அது வளர்த்த நாய் மாதிரி அவள் பின்னாலேயே வீடு வந்து சேரும். வலி இல்லாத உடம்பு எப்படி இருக்கும், அப்படி ஒரு உடம்போடு ஆத்தாள் முன்னால் போய் நின்றால் அவளுக்கு அடையாளம் தெரியுமா என்றுகூட நினைத்தாள்.

"பூப்போட்டுப் பாத்திருவோம்," என்றார் ராமசுப்பு. அந்தத் தெருவில் கல்யாணமானாலும் கிணறு வெட்டினாலும் பூப்போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்பு அரளி, இரண்டையும் ஒன்றுபோல மடித்து ஆத்தாள் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. பூசாரி கொண்டல்சாமி, ராமசுப்புவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர், தன் கையாலேயே மடித்துப் போட்டார். குழந்தை எடுத்துக் கொடுத்த இலையைப் பிரித்தார்கள். சிவப்பு.

"ஆத்தா வேண்டாங்கிறா, தாயி," என்றார் கொண்டல்சாமி.

"அவ சொன்னாச் சரி," என்றாள் வெயிலம்மாள். பிரிக்காத இன்னொரு இலையை எல்லோரும் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். அவளோ, ஆத்தாள் காலடிக்குப் போனதை மிதிபட விடக்கூடாது என்று அதை முந்தானையில் முடிந்து வந்து, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஆனால் நாற்காலி அங்கேயேதான் கிடந்தது. ஆடி கழிய நாள் இருந்தது. ஒரு மத்தியானம், ராமசுப்பு தெருமுனைக்குப் போயிருந்த நேரம், வெயிலம்மாள் சாமி படத்தைப் பார்த்து, "வாங்க வேண்டாம்னுதானே சொன்ன. உக்கார வேண்டாம்னு சொல்லலையே," என்றாள். கொடியில் கிடந்த சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். உட்கார்ந்தாள்.

நாற்காலிக்குள்ளிருந்து இரண்டு உருண்டைகள் எழுந்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வழி கேட்டுக் கேட்டு நடப்பது மாதிரி இறங்கி, இடது இடுப்பில் வந்து நின்று, அந்த இடத்தை மட்டும் பிசையத் தொடங்கின. வெயிலம்மாளின் கண் சொருகியது. அப்போது நாற்காலிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முதலில் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வயதில் இப்படி ஆகிவிட்டதே என்று சேலையைத் தொட்டுப் பார்த்தாள். சேலை காய்ந்துதான் இருந்தது. இடுப்பிலிருந்து, குடம் வழக்கமாக உட்கார்கிற அந்தப் பள்ளத்திலிருந்து, கண்ணாடி மாதிரி தண்ணீர் கசிந்து, நாற்காலியின் கறுப்புத் தோலில் வழிந்து, தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

கறிவேப்பிலை கேட்டு வந்த சீனித்தாய் வாசலில் நின்று, "என்ன மதினி, வீடு கழுவுதீகளா? தண்ணி ஏது?" என்றாள்.

"என் இடுப்புலருந்து வருதுட்டி."

"அப்படியா," என்று சீனித்தாய் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "பிளீச்சிங் பவுடர் வாடை. போன மாசம் லாரியில பிடிச்ச தண்ணி மதினி இது. வீணாப் போகுதே." கறிவேப்பிலையை மறந்து குடம் எடுக்க ஓடினாள்.

அதற்கப்புறம் குழாயடித் தெருவில் யாரும் அதைப்பற்றி அதிசயமாகப் பேசவில்லை. எந்த நேரத்துக்கு உட்காருவாள், யார் குடம் முன்னால் என்பதைத்தான் பேசினார்கள். விடியுமுன்னே வாசலில் குடங்கள் வரிசைக்கு வந்தன. குடம் இல்லாதவர்கள் ஒரு கல்லைப் போட்டு, "இது என் குடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல் நகர்ந்ததற்குக் குடுமிப்பிடிச் சண்டை நடந்தது. வெயிலம்மாள் உட்கார உட்கார, வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அவள் சுமந்த தண்ணீர் எல்லாம் சுமந்த வரிசைக்குத் தலைகீழாக, கடைசியில் ஏறியது முதலில் என்று இறங்கிக்கொண்டே போனது. லாரித் தண்ணீர் தீர்ந்து குழாய்த் தண்ணீர் வந்தது. குழாய்த் தண்ணீர் தீர்ந்து, பருப்பு வேகாத உப்புக் கிணற்றுத் தண்ணீர் வந்தது. அதுவும் தீர்ந்து, அரிசி போட்டதும் மல்லிகைப் பூவாக மலர்கிற செட்டியார் கிணற்றுத் தண்ணீர் வந்தபோது, அந்தக் கிணறு தூர்ந்துபோன துக்கத்தில் வேறு ஊருக்குக் குடிபோனவர்கள்கூடச் செம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். வெயிலம்மாளுக்கோ ஒவ்வொரு தண்ணீர் இறங்கும்போதும் உடம்பு ஒரு நூல் நிமிர்ந்தது. ஒருநாள் சுவரைப் பிடிக்காமல் எழுந்துவிட்டாள். எழுந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தாள்.

தெருவுக்கு அது தெரியவில்லை. தெருவுக்குத் தண்ணீர் தெரிந்தது. கொண்டல்சாமி வந்து நாற்காலிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, தலைமாட்டில் வேப்பிலை கட்டி, "இது ஆத்தா இறங்கின பீடம். வேற பொம்பளை யாரும் இதுல படக்கூடாது," என்று கட்டளை போட்டார். கைப்பிடியைத் தடவ நீண்ட சீனித்தாயின் கை பின்னால் போனது. லாரி அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, "உங்க தெருவுக்குத்தான் நாற்காலி இருக்கே" என்று சிரித்துவிட்டு, வருகிற லாரியையும் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டார் கவுன்சிலர். ஆண்கள் அதற்காகச் சண்டை போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? காலையில் குடத்தை வைத்தால் மத்தியானத்துக்குள் நிறைந்துவிடுகிறது.

ராமசுப்புவும் மாறிப்போனார். வருகிறவர்களுக்கெல்லாம், "எம் பொண்டாட்டி கிட்ட ஒரு கம்மாயே இருக்குவே" என்று பெருமை பேசிக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்றார். அதில் மெதுவாகப் பிசைய ஒரு பொத்தான், பலமாகப் பிசைய ஒரு பொத்தான். மெதுவாக என்றால் நூலாக வரும். பலமாக என்றால் குடம் சீக்கிரம் நிறையும்.

"கொஞ்சம் குறைங்களேன். எலும்பு நோகுது."

"பின்னாடி வரிசையைப் பாரு தாயி," என்றார் கொண்டல்சாமி. "பச்சப் பிள்ளைக்காரி நிக்கா."

பிள்ளைக்காரியைப் பார்த்தாள் வெயிலம்மாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். மாலையில் முதுகில் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போய், போன வலி புது வலியாகத் திரும்பி வந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் தெருக்கூட்டம் போட்டு, நாற்காலியைத் தெருவே வாங்குவது என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வாங்கி, கோயில் மண்டபத்தில் வைத்து, காலையும் மாலையும் வெயிலம்மாள் வந்து உட்கார வேண்டியது.

"ஆத்தா வேண்டாம்னு சொன்னாளே," என்றாள் அவள் மெதுவாக.

"அது வீட்டுக்கு வேண்டாம்னது. தெருவுக்கு வேணும்னு இருக்கும்," என்றார் கொண்டல்சாமி.

"அப்ப எனக்கு?"

கூட்டத்தில் யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. "உனக்கென்னட்டி, உக்காந்துக்கிட்டே இருக்கப்போற. ராணி மாதிரி," என்றார் ராமசுப்பு.

ஆடி கடைசி வெள்ளி வந்தது. கூழ் காய்ச்சக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும் என்று வரிசை தெருமுனை திரும்பிப் போயிருந்தது. வெயிலம்மாள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். ராமசுப்பு பலமான பொத்தானை அமுக்கினார். உருண்டைகள் வந்து இடுப்பில் நின்றன, தண்ணீர் வரவில்லை. அவர் மறுபடி மறுபடி அமுக்கினார். அப்புறம் மெல்ல, சொட்டுச் சொட்டாக, இளஞ்சூடாக ஒரு தண்ணீர் வந்தது. ஆற்று ஊற்று மணல் வாசமும், புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள் வாசமும் அதில் இருந்தன.

வெயிலம்மாளுக்கு அது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. கல்யாணமான முதல் வருசம், வயிறு மேடிட்டிருந்த நேரம், ஊற்றிலிருந்து குடத்தோடு கரையேறும்போது கால் சறுக்கி விழுந்த அன்றைய தண்ணீர். குடம் உருண்டு, தண்ணீர் மணலில் போய், வயிற்றிலிருந்ததும் மணலிலேயே போய், காலிக் குடத்தோடும் காலி வயிற்றோடும் அவள் வாசலில் வந்து நின்றபோது, வீட்டுக்குள்ளிருந்து வந்த முதல் வார்த்தை, "தண்ணி எங்கே?" என்பதுதான். மணல் குடித்துவிட்டது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். மணல் குடிக்கவில்லை. இடுப்புதான் குடித்து வைத்திருந்திருக்கிறது.

முதல் குடத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள்.

"குடத்தை எடுங்க," என்றாள் வெயிலம்மாள்.

"என்ன தாயி?"

"குடத்தை எடுங்க. இது குடிக்கிற தண்ணி இல்ல."

"நல்லாத்தானே இருக்கு," என்று கொண்டல்சாமி குனிந்து கையேந்தப் போனார்.

வெயிலம்மாள் எழுந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை, கதவைப் பிடிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. நேராக நின்றபோது அவள் ராமசுப்புவைவிட ஒரு பிடி உயரமாக இருந்தது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது. கையை நீட்டி, அவர் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் நீங்க பிடிச்ச தண்ணியெல்லாம் ஒருக்கா நீங்களே குடிச்ச தண்ணிதான். நான் சுமந்து வந்து ஊத்தி, நீங்க குடிச்சு, குளிச்சு, கொப்புளிச்ச தண்ணி. அதை ரெண்டாந்தடவையும் கேட்டீக, குடுத்தேன். இது வீடு வந்து சேராத தண்ணி. இது எனக்கும் என் பிள்ளைக்கும் உள்ளது. இதுக்கு யாரும் குடம் வைக்கக் கூடாது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாமி கும்பிடுகிற குரலில்தான் சொன்னாள். முதலில் சீனித்தாய் தன் குடத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் ஒவ்வொரு பெண்ணாக, ஒவ்வொரு குடமாக, வரிசை தெருமுனைவரைக்கும் கவிழ்ந்தது. தண்ணீர் வாசற்படி தாண்டி இறங்கி, கவிழ்த்த குடங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஓடியது. ஆண்கள் கால் படாமல் ஒதுங்கி நின்றார்கள். தண்ணீர் பழைய குழாய் நின்ற இடத்துக்குப் போய், அங்கே ஒரு நிமிசம் தேங்கி நின்று, மண்ணுக்குள்ளே போய்விட்டது.

மறுநாள் அவள் உட்கார்ந்தாள். நாற்காலி பிசைந்தது. தண்ணீர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

கொண்டல்சாமி வந்து வேப்பிலையை அவிழ்த்துக்கொண்டு, "ஆத்தா மலையேறிட்டா," என்றார். வாங்குவதற்கென்று போட்ட வரி அவரவர் மடிக்குத் திரும்பிப் போனது. "அவ்வளவுதான். ஜெயசிங்குக்குப் போன் போடு, வந்து தூக்கிட்டுப் போகட்டும்," என்றார் ராமசுப்பு. "இனி இது எதுக்கு?"

"இனித்தான் எனக்கு," என்றாள் வெயிலம்மாள்.

"ஆத்தா வாக்கை மீறப் போறியா நீ?"

அவள் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு, பிரிக்காமல் கிடந்த அந்த இலையை எடுத்தாள். ஆத்தாள் தனக்குச் சொல்லாமல் விட்ட சொல்லை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பிரித்தாள். சருகாகிப்போன இலைக்குள் காய்ந்த பூ ஒன்று இருந்தது. காய்ந்தாலும் நிறம் போகவில்லை. அதுவும் சிவப்பு அரளி.

ராமசுப்பு கொண்டல்சாமியைப் பார்த்தார். கொண்டல்சாமி மோட்டு வளையைப் பார்த்தார்.

வெயிலம்மாள் திட்டவில்லை. குளித்து, விளக்கேற்றி, நந்தியாவட்டைச் செடியில் இரண்டு பூப் பறித்து, இரண்டு இலையில் தன் கையாலேயே மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பின்னாலேயே சீனித்தாயும், அவள் பின்னால் தெருப் பெண்களும் போனார்கள்.

"ரெண்டுலயும் வெள்ளையா?" என்று பதறினார் கொண்டல்சாமி. "இது என்ன முறை?"

"நீங்க காட்டிக் குடுத்த முறைதான் அண்ணாச்சி," என்றாள். இரண்டையும் ஆத்தாள் முன்னால் வைத்துக் கண்ணை மூடி, "தாயே, உன் வாயை இவங்க கட்டினாங்க, நானும் கட்டுறேன். தப்புன்னா என்னைக் கேளு. ஆனா வேண்டாம்னு நீ சொல்லவே இல்லை, அது எனக்குத் தெரியும்," என்று கும்பிட்டாள். ஆத்தாளின் தலை அன்றைக்குச் சாய்வில்லாமல் நேராக இருந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். ஆண்கள் கவனிக்கவில்லை.

ஆவணி பிறந்தது. ஜெயசிங் வேனோடு வந்தபோது வாசலில் வெயிலம்மாளின் கல்யாணச் சீர்ப் பித்தளைக் குடங்கள், தவலை, அண்டா எல்லாம் புளி போட்டுத் துலக்கித் தங்கமாக நின்றன. "பாத்திரக் கடையில எடைக்குப் போட்டு முன்பணம் கட்டுதேன். மீதியை நானும் மகளும் மாசாமாசம் கட்டிருவோம்."

"சீர்க்குடத்தை எடைக்குப் போடுற பொம்பளை எந்த ஊர்லயாவது உண்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் ராமசுப்பு.

"இந்த ஊர்ல உண்டு."

"அப்ப நாளைக்குத் தண்ணிக்கு?"

வெயிலம்மாள் பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கோபமாகக் கொடுக்கவில்லை, கடைக்குப் போகிறவருக்குப் பை எடுத்துக் கொடுப்பது மாதிரிதான் கொடுத்தாள். அன்று சாயங்காலம் குழாயடித் தெருவின் எல்லா வீட்டிலும் அதே மாதிரி ஒரு குடம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் ஆண்கள் ஒன்றுசேர்ந்து போய் ரோட்டில் உட்கார்ந்து, கவுன்சிலரை வரவழைத்து, லாரியைத் திரும்பத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். லாரி வந்ததும் வரிசையிலும் அவர்களே நின்றார்கள். முதல் குடத்தைத் தோளில் வைப்பதா இடுப்பில் வைப்பதா என்று தெரியாமல் ராமசுப்பு பாதியை வேட்டியில் ஊற்றிக்கொண்டார்.

அப்படி ஒரு காலை, வெளியே ஆண்கள் குடத்தோடு போய்க்கொண்டிருக்க, சீனித்தாய் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கைப்பிடியைத் தடவினாள்.

"உக்காருட்டி," என்றாள் வெயிலம்மாள்.

"நான் படலாமா மதினி?"

"என் நாற்காலி. நான் சொல்லுதேன், உக்காரு."

உட்கார்ந்தாள். வெயிலம்மாள் மெதுவான பொத்தானை அமுக்கினாள். உருண்டைகள் வழி கேட்டுக் கேட்டு இறங்கி சீனித்தாயின் இடது இடுப்பில் வந்து நிற்க, அவள் கண் சொருகியது. கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்குக் கீழே சலசலவென்று சத்தம் கேட்டது. சீனித்தாய் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, கீழே பார்த்து, வெயிலம்மாளைப் பார்த்து, பழக்கதோசத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள்.

வெயிலம்மாள் போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கொல்லைப்பக்கம் சாக்கடைத் துவாரத்தில் அடைத்திருந்த துணியை உருவிவிட்டாள். தண்ணீர் நடந்துபோய் முருங்கை மூட்டில் நின்றது.

"மதினி, குடம்?" என்றாள் சீனித்தாய் ரகசியமாக.

"குடமா? அதைத்தான் எடைக்குப் போட்டாச்சே. பேசாமச் சாஞ்சு படுட்டி."